மேடைக்கு அடியில் ஓர் ஓட்டை

"கரப்பான் வருதுன்னு அம்மாதான் அடைக்கச் சொன்னாங்க தம்பி" என்றார் கொத்தனார், கரண்டி நிறைய சிமெண்டோடு.

சமையல் மேடைக்குக் கீழே, சிலிண்டர் வைக்கிற இடத்தில், தரையை ஒட்டி வெளிச்சுவரில் ஒரு சாண் அகல ஓட்டை.

"அண்ணே, அதை மட்டும் விட்டுடுங்க!"

மேலேதான் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கே என்றார் அம்மா. புகைக்கும் வெக்கைக்கும் அது சரி. ஆனால் கசிகிற சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், மேலே ஏறாமல் தரையோடு தவழ்ந்து, வெளியேற அந்த ஓட்டை இல்லாவிட்டால் மேடைக்கடியில் தேங்கும், அந்த நேரம் பார்த்து நாற்றம் போகட்டும் என்று ஃபேன் சுவிட்சைப் போட்டால் அந்தச் சின்னப் பொறியே போதும்.

கதவு ஜன்னலைத்தான் திறக்க வேண்டும். அப்புறம் வெளியே வந்து கேஸ் கசிவு அவசர உதவி எண் 1906க்கு போன்.

ஓட்டைக்குக் கம்பிவலை அடித்தாயிற்று. அம்மா குனிந்து கையை வைத்துப் பார்த்தார்.

"காத்து வருதுடா."