ஊழியர் செலவும் லாபமும்: என் எம்.காம் ப்ராஜெக்ட் அனுபவம்

இந்தத் தலைப்பில் ப்ராஜெக்ட் எடுக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கு முதல் இரண்டு மாதம் வீணாகப் போனது. உங்களுக்கு அது நேர வேண்டாம்.

என் முதல் அட்டவணையில் பத்து கம்பெனிகள். டிசிஎஸ், இந்துஸ்தான் யூனிலீவர், இந்தியன் ஆயில் எல்லாம் ஒன்றாக. ஊழியர் செலவும் லாபமும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று பார்க்க எக்செலில் கோரிலேஷன் போட்டேன், ஒரு எண் வந்தது, முடிந்தது என்று நினைத்தேன். கைடு மேடம் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "எண்ணெய் கம்பெனிக்குப் பெரிய செலவு எதும்மா?" கச்சா எண்ணெய்தான். 2023-24இல் டிசிஎஸ் வருமானம் 2,40,893 கோடி ரூபாய்; அதில் ஊழியர் செலவு 1,40,131 கோடி. நூறு ரூபாய்க்கு 58 ரூபாய். இந்தியன் ஆயிலில் இரண்டு ரூபாய்கூட வராது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் தெரிவது தொழிலின் தன்மை. சம்பளத்தின் பலன் அல்ல.

அதனால் ஒரே துறையை எடுங்கள், ஒரே கம்பெனியைப் பல வருடம் பாருங்கள். எனக்குக் கண் திறந்தது அங்கேதான். டிசிஎஸ்ஸில் 2019-20இல் ஊழியர் செலவு வருமானத்தில் சுமார் 55 சதவீதம். நான்கு வருடத்தில் 58 ஆனது. லாபம் அடிபட்டிருக்கும் என்றுதானே தோன்றும்? இயக்க லாப விகிதம், அதாவது வட்டிக்கும் வரிக்கும் முன் தொழிலில் வரும் லாபம் வருமானத்தில் எத்தனை சதவீதம் என்பது, இரண்டு வருடமும் 24.6 சதவீதம். பயணம் போன்ற மற்றச் செலவுகளின் பங்கு குறைந்திருந்தது. ஒரு வரியை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் தப்பாகியிருக்கும்.

லாப நட்டக் கணக்கில் 'ஊழியர் நலச் செலவுகள்' என்று தனி வரி இருக்கிறது; சம்பளமும் இதில்தான். அதோடு நின்றுவிடாதீர்கள், குறிப்புகளைப் புரட்டுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர் கூலி பெரும்பாலும் 'பிற செலவுகள்' பக்கம் போய்விடும். கிராஜுவிட்டி (வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை) மதிப்பீட்டில் வரும் ஏற்ற இறக்கம் லாபத்தில் சேராமல், அதற்குக் கீழே தனியாகக் காட்டும் 'பிற முழுமை வருமானம்' பகுதியில் உட்காரும். பயிற்சிச் செலவுதான் ரொம்ப முக்கியம்: கணக்கியல் தரப்படி அதைச் சொத்தாகக் காட்ட முடியாது, அந்த வருடமே செலவு. பலன் அடுத்தடுத்த வருடங்களில். ஆட்களுக்குச் செலவழித்த வருடம் லாபம் குறைவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்னிடம் கேட்டது: "லாபம் வந்ததால் சம்பளம் கூடியதா, சம்பளம் கூடியதால் லாபம் வந்ததா?" போன வருடச் செலவை இந்த வருட லாபத்தோடும், போன வருட லாபத்தை இந்த வருடச் செலவோடும் ஒப்பிட்டு இரண்டு அட்டவணை வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.