தாத்தா எந்த ஊரில் பிறந்தார்? பழைய பிறப்பு, இறப்புப் பதிவு தேடிய கதை

பழைய பிறப்பு, இறப்புப் பதிவு வேண்டும் என்று போய் நின்றால் அலுவலகத்தில் கேட்பது இரண்டே கேள்விதான். எந்த ஊர், எந்த வருஷம். இதற்குப் பதில் கையில் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. இல்லையென்றால் எதிரே எவ்வளவு நல்ல மனுஷர் உட்கார்ந்திருந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அந்தக் காலத்துப் பதிவேடுகளை ஊர்வாரியாக, வருஷவாரியாகத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள், வெறும் பெயரை மட்டும் சொல்லித் தேட வழி கிடையாது. எங்கள் குடும்ப மரத்தை எழுதி வைக்கலாம் என்று இறங்கியதில் எனக்கு அதிக நேரம் போனது அலுவலகத்தில் இல்லை. இந்த இரண்டு பதிலையும் வீட்டில் தேடிக் கண்டுபிடித்ததில்தான்.

எங்கள் ஊர் பழைய தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் பக்கம். சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று 1899-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. கிராமத்தில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் யார் செத்தாலும் கிராம முன்சீப், எங்கள் பக்கம் பட்டாமணியம் என்பார்கள், அவர் எழுதி வைக்க வேண்டும். இப்போது நடைமுறையில் இருப்பது 1969-ஆம் வருஷத்து மத்தியச் சட்டம். பரம்பரையாக வந்த பட்டாமணியம், கர்ணம் வேலைகளை 1980-இல் எடுத்துவிட்டு, அப்புறம் கிராம நிர்வாக அலுவலர்களைப் போட்டார்கள். அதனால் பழைய பதிவேடு யார் வீட்டுப் பரணிலோ கிடக்கும் என்று நினைக்க வேண்டாம். கிராமப் பதிவேடுகள் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் விசாரிக்க வேண்டும், நகரம் என்றால் நகராட்சி அல்லது மாநகராட்சி. 2018 ஜனவரியிலிருந்து பதிவானவற்றுக்குத் தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே இணையதளம் இருக்கிறது, நிமிஷத்தில் எடுத்துவிடலாம். நமக்கு வேண்டியது தாத்தா பிறந்த 1934. அதற்கு நடையாய் நடப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முதலில் வருஷத்துக்கு வருவோம். தாத்தாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1936 ஜூன் 1. அந்தத் தலைமுறையில் ஜூன் 1, ஜூலை 1 என்று பிறந்தவர்களைக் கணக்கெடுத்தால் மற்ற மாதங்களில் குழந்தையே பிறக்கவில்லையோ என்று தோன்றும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் பையனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போட்ட தேதி அது, அப்புறம் வேலை, பென்ஷன், ரேஷன் கார்டு எல்லாம் அதன் பின்னாலேயே போய்விட்டது. அதை வைத்துக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினால் கிடைக்காது.

எனக்கு வழி காட்டியது ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம். பங்காளிகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டபோது எழுதியது, 1943. வீட்டில் அந்தப் பத்திரம் இல்லை. வில்லங்கம், அதாவது அந்த நிலத்துக்குப் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பார்த்து நம்பரைப் பிடித்து, எழுதிக்கொடுத்து நகல் வாங்கினேன். பழைய பத்திரம் படித்துப் பழக்கம் இல்லாதவர்களுக்கு முதல் பக்கமே மிரட்டும். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, மேற்படிக்கு ௸ என்று குறிகள், அதுவும் கூட்டெழுத்தில், நிறுத்தற்குறி என்ற பேச்சே இல்லாமல் ஒரே வாக்கியமாக ஒரு பக்கம் ஓடும். ஆனால் இன்னார் குமாரர் இன்னார், இந்தக் கிராமம், சுமார் இத்தனை வயது என்று ஒவ்வொருவரையும் அடையாளம் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கே வருவார்கள், குடும்ப வரலாறு தேடுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதில் என் தாத்தா 'மைனர், வயது சுமார் 9', அவருக்குக் கார்டியன் தாயார் என்று இருந்தது.

இந்த ஒரு வரியில் இரண்டு சேதி இருக்கிறது. தாத்தா பிறந்தது 1934-ஐ ஒட்டி. கார்டியனாகத் தாயார் வந்திருப்பதால் அவருடைய அப்பா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, 1943-க்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். ஜாதகக் கட்டு இருந்த நோட்டில் தாத்தாவுக்குப் 'பவ வருஷம் ஆடி மாதம்' என்று எழுதியிருந்ததையும் இதோடு சேர்த்துப் பார்த்தேன். பவ வருஷம் என்பது 1934 ஏப்ரலில் தொடங்கி 1935 ஏப்ரலில் முடிந்தது, ஆகவே ஆடி என்றால் 1934 ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு தடவை திரும்பி வரும் என்பதால் அதை மட்டும் வைத்து எதையும் முடிவு பண்ண முடியாது, 1874-உம் பவதான், 1994-உம் பவதான். பத்திரம் போன்ற இன்னொரு காகிதம் பக்கத்தில் வேண்டும்.

கொள்ளுத்தாத்தா இறந்த தேதியைப் பிடித்ததுதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. வருஷம் யாருக்கும் தெரியவில்லை. பெரிய அத்தையிடம் கேட்டேன். "வருஷமெல்லாம் யாருடா கண்டா? மார்கழி தேய்பிறை சப்தமி. அன்னிக்குத்தான் எங்க பாட்டி விரதம் இருப்பா" என்றார். போதும். 1934-இல் உயிரோடு இருந்தவர், 1943-இல் இல்லை. நடுவில் ஒன்பது மார்கழி. ஒவ்வொரு மார்கழியிலும் தேய்பிறை சப்தமி எந்த ஆங்கிலத் தேதியில் விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டால், ஒன்பது வருஷத்துப் பதிவேட்டைப் புரட்டச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒன்பது தேதிகளை ஒட்டி மட்டும் பார்க்கச் சொல்லலாம். பழைய வருஷங்களுக்கும் பஞ்சாங்கக் கணக்கு போட்டுத் தரும் இணையதளங்கள் இருக்கின்றன, ஒரு சாயங்காலத்து வேலை. திதி இரண்டு நாளில் பரவி நிற்கும் என்பதால் முன்னே ஒரு நாள் பின்னே ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்று, வரிசை பதிவு செய்த நாளை வைத்துப் போகும், செத்த நாளை வைத்து இல்லை, ஆகவே தேதிக்கு அப்புறம் ஒன்றிரண்டு வாரமும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

1940 டிசம்பரில் அகப்பட்டார்.

பெயரை மட்டும் பார்த்துக் குதித்திருக்கக் கூடாது, ஏனென்றால் எங்கள் வீட்டில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இருக்கிறது, பங்காளி வீட்டிலும் அதே வழக்கம், அதே முன்னோர். ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பது எங்கள் பக்கம் சாதாரணம். தகப்பனார் பெயரையும் வயதையும் பத்திரத்தோடு ஒட்டிப் பார்த்தபிறகுதான் இவர் அவரேதான் என்று உறுதியானது.

இதில் ஒரு வருத்தம். எதனால் செத்தார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். வீட்டில் ஒருத்தர் காலரா என்கிறார், இன்னொருத்தர் பாம்பு என்கிறார், சித்தப்பா மட்டும் யாரோ வைத்த சூனியம் என்று இன்றைக்கும் சாதிக்கிறார். 1969 சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி யார் வேண்டுமானாலும் பதிவேட்டைத் தேடச் சொல்லி நகல் கேட்கலாம், ரத்த உறவு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, ஆனால் இறப்புப் பதிவின் நகலில் சாவுக்கான காரணம் வராது என்று அதே பிரிவு சொல்கிறது. கேட்டுப் பார்த்தேன். "அதைத் தர எங்களுக்கு அதிகாரம் இல்ல சார்" என்றார், அவ்வளவுதான். சூனியக் கட்சி இன்னும் தோற்கவில்லை.

சரி, பிறப்புக்கு வருவோம். வருஷம், மாதம் எல்லாம் கையில் இருக்கிறது, எங்கள் கிராமத்து 1934 பதிவேடும் இருக்கிறது, அதில் தாத்தா இல்லை. அந்த ஆடியில் எங்கள் வீட்டில் குழந்தை பிறந்ததாகவே தகவல் இல்லை. இந்த இடத்தில் நிறைய பேர் பதிவே பண்ணவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். பிறப்போ இறப்போ, எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும். சொந்த ஊர் எது என்று யாரும் பார்ப்பதில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவாள் என்பது நமக்குத் தெரியாததா? தாத்தாதான் தலைச்சன். ஆகவே தேட வேண்டியது கொள்ளுப்பாட்டியின் பிறந்த ஊரில். அது எந்த ஊர் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு ஊர் சொல்கிறார்கள். ஆண்வழி ஊரைப் பத்துத் தலைமுறைக்குச் சொல்கிற வீடுகளில் பெண்வழி ஊர் இரண்டாவது தலைமுறையிலேயே மறந்துபோகிறது.

அதைச் சொன்னது ஒரு மொய் நோட்டு. தாத்தா கல்யாணத்து நோட்டு, 1958. மேலே பிள்ளையார் சுழி, கீழே ஊர், பெயர், ரூபாய். ஊர்வாரியாக எழுதியிருந்தார்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று வரிசையாகப் போகும்போது நடுவில் ஒருத்தருக்கு நேரே 25 ரூபாய், பக்கத்தில் 'மாப்பிள்ளை தாய்மாமன்'. மேலே ஊர்ப் பெயர் நன்னிலம் பக்கத்தில் ஒரு கிராமம், ஆளுக்கொன்றாகச் சொன்ன ஊர்களில் அது இல்லவே இல்லை. மொய் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பத்திரிகையில் பெரியவர்கள் பெயர் மட்டும்தான் இருக்கும், மொய் நோட்டில் யார் யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பது முழுக்க இருக்கும், அதுவும் திருப்பிச் செய்ய வேண்டிய பணம் என்பதால் தப்பில்லாமல் எழுதியிருப்பார்கள்.

அப்புறம் ஒரு நிர்வாகச் சிக்கல். 1934-இல் மாயவரமும் நன்னிலமும் ஒரே தஞ்சாவூர் ஜில்லா. 1991-இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானது, 1997-இல் திருவாரூர், 2020-இல் மயிலாடுதுறை. இன்றைக்கு ஒன்று திருவாரூரில், இன்னொன்று மயிலாடுதுறையில். மாயவரம் என்று நாம் சொன்னாலும் பத்திரத்தில் மாயூரம் என்று இருக்கும். ஊர் இப்போது எந்த சார்பதிவகத்தில் வருகிறது என்பதோடு அப்போது எதில் இருந்தது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் வேறாக இருந்தால் பதிவேடு எங்கே தங்கிவிட்டது என்று இரண்டு இடத்திலும் விசாரிக்க வேண்டும். ஒரு அலுவலகத்தில் "1960-க்கு முன்னாடி எதுவுமே கிடையாது" என்று கையை விரித்தார்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதை விட்டுவிட்டு, எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து ரசீது வாங்கியதும் தேடினார்கள், இருந்தது.

தாத்தாவின் பதிவு ஒரே வரி. தேதி, ஆண், தகப்பனார் பெயர், தாயார் பெயர். பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பிறந்த சில நாளில் சொல்லிவிடுவார்கள், பெயர் வைப்பது அப்புறம்தானே. ஆகவே தாத்தா பெயரைச் சொல்லித் தேடச் சொன்னால் நூறு வருஷமானாலும் கிடைத்திருக்காது. தகப்பனார் பெயரைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள்.

கல்யாணப் பதிவு கேட்கிறீர்களா? பெரும்பாலான இந்துக் குடும்பங்களில் அப்படி ஒன்று இருக்காது. 1955 இந்து திருமணச் சட்டத்தில் பதிவுக்கு இடம் இருந்தது, விருப்பப்பட்டவர்கள் செய்தார்கள். தமிழ்நாட்டில் எல்லா மதத்தாருக்கும் கட்டாயமானது 2009 சட்டத்துக்குப் பிறகுதான். சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள் வீட்டில் வாழ்த்து மடலும் தலைமை தாங்கியவர் பெயர் போட்ட அழைப்பிதழும் கிடைக்கலாம். கிறிஸ்தவக் குடும்பங்கள் கொடுத்து வைத்தவர்கள். என் நண்பர் ஒருவர் கோயில் பங்கு அலுவலகத்திலிருந்த ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளை வைத்தே ஐந்து தலைமுறை போய்விட்டார், ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயர் வரைக்கும் இருக்கிறது. முஸ்லிம் வீடுகளில் ஜமாத் வைத்திருக்கும் நிக்காஹ் தஃப்தர் என்ற திருமணப் பதிவேடு இருக்கிறது. நகரத்தார் வீடுகளில் இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதி வைத்திருப்பார்கள்.

தாத்தாவின் தங்கை, 1937, எந்த ஊர்ப் பதிவேட்டிலும் இல்லை. இரண்டு ஊரிலும் பார்த்தாகிவிட்டது. பட்டாமணியத்துக்கு யாரும் போய்ச் சொல்லாமல் விட்டிருக்கலாம், பெண் குழந்தை என்றால் அந்த அக்கறை இன்னும் குறைவு. எனக்கு வரலாறுதான் வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன். சொத்துக்கோ பாஸ்போர்ட்டுக்கோ சான்றிதழே வேண்டும் என்கிறவர்கள் பதிவில் இல்லை என்று முதலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வருஷம் தாண்டிய பதிவுக்கு மாஜிஸ்டிரேட் உத்தரவு வேண்டும், 2023 திருத்தத்துக்குப் பிறகு அந்த அதிகாரம் கலெக்டர், கோட்டாட்சியர் பக்கம் வந்திருக்கிறது.

அடுத்தது கொள்ளுப்பாட்டி. "எம்டன் குண்டு போட்டப்போ நான் கைக்குழந்தை" என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். எம்டன் கப்பல் சென்னை மேல் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22, ஆகவே 1913 கடைசியிலிருந்து தேடினால் போதும். வருஷம் கிடைத்துவிட்டது. அவரும் தலைச்சன் பிள்ளைதானாம், அப்படியானால் அவருடைய அம்மாவின் ஊர் எது என்று தெரிய வேண்டும். நன்னிலம் பக்கத்து தாய்மாமன் வீட்டுப் பேரன் ஒருவர் திருச்சியில் இருப்பதாகக் கேள்வி, அவர்கள் வீட்டிலும் ஒரு மொய் நோட்டு இருக்காதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.