தெருமுனைச் சுவரில் அஞ்சலையம்மாள்: மூன்றாவது வாரம்

கடலூர் முதுநகரில் எங்கள் தெருமுனைச் சுவர் 18 அடி நீளம், 6 அடி உயரம். நடுவில் இதே ஊரில் 1890இல் பிறந்த விடுதலைப் போராட்ட வீராங்கனை அஞ்சலையம்மாளின் படம்; சுற்றிலும் தெருக்காரர்கள் தங்கள் நினைவில் நிற்கும் ஒன்றைத் தங்கள் கையாலேயே வரைய வேண்டும். இதுதான் பேச்சு.

முதல் பத்து நாளைச் சுவரே தின்றுவிட்டது. கடல் காற்றில் உப்புப் பூத்த சுவர். அவசரப்பட்டு பிரைமர் அடித்தேன், நாலாம் நாளே கொப்பளித்து உரிந்தது. திரும்பவும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கழுவி, ஐந்து நாள் காயவிட்டு, உப்புத்தாள் போட்ட பிறகே பெயிண்ட் பிடித்தது.

முகத்துக்குப் பழைய படத்தில் அரை அங்குலக் கட்டம், சுவரில் 2 அங்குலக் கட்டம். அளவு சரியாக வந்தது. ஆனால் கன்னத்தில் ரோஸ் நிறம் சேர்த்து அம்மன் முகம் மாதிரி ஆக்கிவிட்டேன். எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "1927லே மெட்ராஸ்ல இருந்த வெள்ளைக்காரத் தளபதி நீலோட சிலையை எடுக்கச் சொல்லிப் போராடி, ஒன்பது வயசுப் பொண்ணு அம்மாக்கண்ணோட ஜெயிலுக்குப் போனவங்கப்பா. இப்படியா இருப்பாங்க?" என்றார். சரிதான். ரோஸை அழித்துப் புருவத்தடியில் நிழலை அழுத்தினேன். அம்மாக்கண்ணையும் பக்கத்தில் நிறுத்தினோம். எங்கள் தெருவில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தியைச் சுவரோடு நிற்க வைத்து உயரத்தைக் குறித்துக்கொண்டோம்.

இந்த வாரம் எனக்கு மிகவும் பிடித்தது கோடிவீட்டு ஆயாவின் வேப்பமரம். 2011இல் 'தானே' புயலில் விழுந்த மரம் அது. பிரஷ்ஷைக் கொடுத்தால், "எனக்கு இது வராதுடா, புள்ளி வச்சாத்தான் கை ஓடும்" என்று சொல்லிவிட்டார். மாக்கோலம் போடுவது போலத் துணியைப் பெயிண்டில் நனைத்து விரலால் இழுத்துப் பார்த்தார். நின்ற சுவராயிற்றே, வழிந்து ஓடியது. அப்புறம் தண்ணீர் கலக்காமல் கெட்டியாகக் கொடுத்தேன். முதலில் புள்ளி, புள்ளியைச் சுற்றி வளைவு, வளைவெல்லாம் இலை. இரண்டு சாயங்காலத்தில் மரம் முழுசாக எழுந்து நின்றது. கிளையில் பேரப்பிள்ளைகளின் ஊஞ்சலும் உண்டு. அதில் ஒரு கோட்டைக்கூட நான் திருத்தவில்லை.

2004 சுனாமியில் கட்டுமரத்தைப் பறிகொடுத்த தாத்தா மட்டும் இன்னும் பெயிண்டைத் தொடவில்லை. தினமும் பொழுது சாய வந்து, நின்று பார்த்துவிட்டுப் போகிறார். இடது ஓரத்தில் அவருக்காக 3 அடி விட்டு வைத்திருக்கிறேன்.