காலுக்கும் டைமிங் உண்டு

போன மாதம் அம்மாவோடு ஒரு சிக்னலில் ரோட்டைக் கடந்தேன். பாதி தூரம்கூடப் போகவில்லை, பச்சை விழுந்து வண்டிகள் கிளம்பிவிட்டன. அம்மாவுக்கு 71 வயது. வலி என்று எதுவும் இல்லை, நடை மட்டும் ரொம்ப மெதுவாகிவிட்டது. ஒரு பஸ் ஹாரன் அடித்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வேகமாக நடக்கவைக்கும் மெஷின்களைத் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் லெஸ்லி கெல்லி என்பவர் 1919-லேயே ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். முதுகில் குட்டி நீராவி இன்ஜின், அதிலிருந்து கால்களை இழுக்கும் கம்பிகள். சோவியத் காலத்தில் உஃபா நகரில் பெட்ரோல் பூட்ஸே செய்திருக்கிறார்கள். கால் ஊன்றும்போது சிலிண்டரில் காற்று அழுந்தும், எரிபொருள் வெடிக்கும், பிஸ்டன் ஆளை மேலே தள்ளும். இருபத்தாறு வருடமாக டூவீலர் மெக்கானிக்காக இருக்கும் எனக்கு அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஆனால் மனதில் நின்றது 2022-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செய்த பூட்ஸ்தான். கணுக்காலில் மோட்டார், இடுப்பில் பேட்டரி. போட்டவர்கள் சாதாரண ஷூவில் நடப்பதைவிட 9 சதவீதம் வேகமாக நடந்திருக்கிறார்கள். அதே தூரத்துக்கு உடம்பு செலவழித்த சக்தியும் 17 சதவீதம் குறைந்திருக்கிறது. மணிக்கு 4 கிலோமீட்டர் நடக்கிறவருக்கு 9 சதவீதம் என்றால் 360 மீட்டர் கூடுதல். ரோட்டைக் கடக்கிற இடத்தில் அது பெரிய விஷயம்.

இதில் மோட்டாரின் பலத்தைவிட டைமிங்தான் முக்கியம். பழைய வண்டிகளில் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி விழ வேண்டும். ரொம்ப முந்தினால் கிக்கர் திருப்பி அடிக்கும். பிந்தினால் வண்டி இழுக்காது. காலும் அப்படித்தான். குதிகால் எழும்பி, கெண்டைக்கால் தசை உடம்பை முன்னே உந்தும் அந்தக் கணத்தில் மோட்டாரும் கைகொடுக்க வேண்டும். முந்தினால் முன்னே போகிற உடம்பைத் தடுக்கும். பிந்தினால் கால் காற்றில் இருக்கும், தள்ளி என்ன பயன்? அந்தக் கணம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் பூட்ஸில் உள்ள சென்சார்களை வைத்து, ஒருவர் நடக்க நடக்க அவருக்கு ஏற்ற டைமிங்கை அதுவே கண்டுபிடித்துக்கொள்கிறது. எவ்வளவு அழகான வேலை!

அந்தச் சோதனையில் நடந்தவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள். அம்மாவைப் போன்றவர்களின் காலுக்கு அது சீக்கிரம் வந்து சேர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

மறுநாள் அம்மாவின் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். டயர் தேய்ந்திருப்பதைப் பார்த்தே வண்டியின் கோளாறைச் சொல்லிவிடலாம் இல்லையா? குதிகால் பக்கம் தகடுபோல் தேய்ந்திருந்தது. விரல் பக்கம் கோடுகள்கூட அழியவில்லை. அதாவது, அவர் பாதத்தை உந்துவதே இல்லை, தூக்கித் தூக்கி வைக்கிறார்.

"ஏன்டா என் செருப்பையே பாக்குற?" என்றார்.

இப்போது தினமும் காலையில், வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குகிறார். பத்து தடவை. ஏழாவதில் கெண்டைக்கால் நடுங்கும். நான் பக்கத்திலேயே நின்றுகொள்கிறேன்.