சோம்பல் கண்ணைப் பூனைக்குட்டியிலிருந்து படியுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மெடிக்கல் காலேஜ்களில் படிக்கிறவர்களுக்கு சோம்பல் கண் (ஆம்ப்லியோபியா: சிறுவயதில் ஒரு கண்ணை மூளை ஒதுக்கிவிடுவதால் வரும் பார்வைக்குறை) என்ற பாடம் இரண்டு முறை வரும். முதலாண்டு பிசியாலஜியில் 'கிரிட்டிகல் பீரியட்' (பார்வை உருவாகும், கெடவும் கூடிய இளவயதுக் காலம்) என்று ஷார்ட் நோட்ஸாக வரும். பிறகு ஆப்தல் (கண் பிரிவு) போஸ்டிங்கில் பென்னாகரத்திலிருந்தோ தேன்கனிக்கோட்டையிலிருந்தோ அம்மா மடியில் ஒரு குழந்தையாக வந்து உட்காரும். இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறவர்கள்தான் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தடுமாறுகிறார்கள். பரிசோதனையைச் சரியாகப் புரிந்துகொண்டால் சிகிச்சையின் பெரும்பகுதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

டேவிட் ஹ்யூபெல், டார்ஸ்டன் வீசல் இருவரின் 1963 பரிசோதனையிலிருந்து தொடங்குங்கள். பிறந்த பூனைக்குட்டிக்குக் கண் திறக்கும் சமயத்தில் ஒரு கண்ணின் இமைகளை மட்டும் தைத்துவிட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்துத் திறந்தார்கள். பார்வைக் கார்டெக்ஸில் (மூளையின் புறணியில் பார்வைக்கான பகுதி) பதிவு செய்த 84 செல்களில் 83 செல்கள் மூடியிருந்த கண்ணுக்குப் பதிலே தரவில்லை. வளர்ந்த பூனைக்கு அதே மூன்று மாதம் மூடினாலும் ஒன்றும் ஆகவில்லை. இந்த இரண்டு வரியும் எல்லோர் விடைத்தாளிலும் இருக்கும். அடுத்த கேள்வியில்தான் பாதிப்பேர் தவறுகிறார்கள்: இரண்டு கண்களையும் மூடினால்?

'இன்னும் மோசமாகும்' என்று எழுதிவிடாதீர்கள். இரண்டையும் மூடிய குட்டிகளில் பாதிக்கு மேற்பட்ட செல்கள் பதில் தந்தன. அவற்றில் பல ஒழுங்காக வேலை செய்யவில்லை என்றாலும், ஒரு கண்ணை மூடியபோது வந்த முழு இழப்பு இங்கே இல்லை. காரணம், பாதிப்பு வெளிச்சம் குறைந்ததால் மட்டும் வருவதில்லை. ஒரே கார்டெக்ஸ் செல்லில் இடம் பிடிக்க இரு கண்களின் நரம்பிழைகளும் போட்டி போடுகின்றன. அண்ணன் தம்பி நிலத்துக்கு நடுவே இருக்கும் வரப்பைப் போல, ஒருவர் அசந்தால் மற்றவர் பக்கம் நகர்ந்துவிடும். மொத்த நிலம் அப்படியேதான் இருக்கும். குரங்கின் பார்வைக் கார்டெக்ஸின் நான்காம் அடுக்கில் ஒவ்வொரு கண்ணுக்கும் உரிய பட்டை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அகலம். ஒரு கண்ணை மூடி வளர்த்தால் அதன் பட்டை சுருங்கும், திறந்த கண்ணின் பட்டை அதே அளவுக்கு விரியும். 'போட்டி' என்ற சொல் விடைத்தாளில் இல்லையென்றால் விடை முழுமையாகாது.

படம் கட்டாயம் போடுங்கள். கிடைக்கோட்டில் 1 முதல் 7 வரை எண்கள்: 1 எதிர்ப்பக்கக் கண்ணுக்கு மட்டும் பதில் தரும் செல், 4 இரண்டுக்கும் சமம், 7 அதே பக்கக் கண்ணுக்கு மட்டும். உயரம் செல்களின் எண்ணிக்கை. சாதாரணப் பூனையில் நடுவே மேடாக இருக்கும். ஒரு கண்ணை மூடியதில் எல்லாம் ஒரு ஓரத்துக்குப் போய்விடும். மாறுகண் உண்டாக்கிய குட்டியில், அதாவது 1965 பரிசோதனையில், இரண்டு ஓரமும் உயர்ந்து நடு பள்ளமாகும். அங்கே இரண்டு கண்களுமே கார்டெக்ஸை ஓட்டுகின்றன. இரண்டுக்கும் பொதுவான செல்தான் அரிதாகிவிடுகிறது. முப்பரிமாணப் பார்வை ஏன் போகிறது என்பதற்கு இந்த மூன்றாவது படமே விடை. மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள்.

'எந்த இடத்தில் கோளாறு?' என்று கேட்டால்: விழித்திரை நார்மல். லேட்டரல் ஜெனிகுலேட்டில் (கண்ணுக்கும் கார்டெக்ஸுக்கும் இடையிலுள்ள நரம்பு நிலையம்) செல்கள் ஓரளவு ஒழுங்காகவே பதில் தரும், ஆனால் மூடிய கண்ணின் அடுக்குகளில் செல் சிறுத்திருக்கும். எதிர்ப்பக்கக் கண்ணுக்கு உரிய அடுக்குகள் 1, 4, 6. அதே பக்கத்துக்கு 2, 3, 5. பெரிய சேதம் கார்டெக்ஸில். அதனால்தான் சோம்பல் கண்ணில் டார்ச் அடித்து, ஃபண்டஸ் (கண்ணின் உட்பின்பகுதி) பார்த்து ஒன்றும் கிடைக்கவில்லையென்றாலும் பார்வை குறைவாக இருக்கிறது.

காலக்கணக்கில் பூனையையும் மனிதரையும் கலக்காதீர்கள். பூனைக்கு நான்காம் வாரத்தில் தொடங்கி ஆறு எட்டு வாரம்வரை உச்சம், மூன்று மாத இறுதியில் முடிவு. மனிதக் குழந்தைக்கு முப்பரிமாணப் பார்வை 3 முதல் 5 மாதத்துக்குள் தலைகாட்டும். பார்வைக்கூர்மை ஏறக்குறைய 7, 8 வயதுவரை கெட முடியும், அதற்குப் பிறகும் ஓரளவு திருத்த முடியும். கெடுவதற்கான காலமும் திருத்துவதற்கான காலமும் ஒன்றல்ல என்பதை ஒரு வரியில் சேருங்கள். இந்தக் காலத்தின் கதவை மூடுவது எது என்று கேட்டால் காபா (மற்ற நரம்புச் செல்களை அடக்கும் வேதிப்பொருள்) சுரக்கும் தடைச்செல்களின் முதிர்ச்சி, அவற்றைச் சுற்றிப் படரும் பெரிநியூரானல் வலை, இந்த இரண்டும் போதும். இருட்டில் வளர்த்தால் இந்தக் காலமே தள்ளிப்போகும்.

இனி ஓபி (புறநோயாளிப் பிரிவு). பிறவிக் கண்புரை ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் ஆறு வாரத்துக்குள் அறுவை செய்வது நல்லது. இரு கண்ணிலும் என்றால் ஓரிரு வாரம் கூடுதல் அவகாசம் உண்டு. ஏன் என்று இப்போது கேட்கவே வேண்டாம், போட்டிதான். முதல் நான்கு வாரத்துக்குள் அவசரப்பட்டால் குளுக்கோமா (கண் அழுத்த நோய்) அபாயம் கூடும் என்பதையும் சொல்லுங்கள். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குக் குழந்தை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் நாள் இந்தக் கெடுவோடு சரியாகப் பொருந்துகிறது. மங்கலான அறை, கை நீட்டும் தூரம், ஆப்தல்மாஸ்கோப் பூஜ்யத்தில், இரண்டு கண்பாப்பாவிலும் சிவப்பு ஒரே மாதிரி தெரிகிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். சித்தேரி, வத்தல்மலை மாதிரி ஊர்க் குழந்தைக்கு அடுத்த வாய்ப்பு எப்போது என்று சொல்ல முடியாது.

சோம்பல் கண்ணுக்கு முதலில் கண்ணாடி. கண்ணாடியால் மட்டுமே பார்வை ஏறிக்கொண்டிருந்தால் சுமார் 18 வாரம்வரை பொறுக்கலாம். ஏற்றம் நின்றால் நல்ல கண்ணுக்குப் பேட்ச்: சோம்பல் கண்ணின் பார்வை அளவு 6/12 முதல் 6/24 வரை (கீழ் எண் கூடினால் பார்வை மோசம்) இருந்தால் தினம் 2 மணி நேரம், அதைவிட மோசமென்றால் 6 மணி நேரம். மாற்று, நல்ல கண்ணில் 1 சதவீத அட்ரோபின் (பார்வையை மங்கலாக்கும் மருந்து). மிதமான குறைக்கு வாரக் கடைசி இரண்டு நாள் போட்டாலும் போதும். பேட்ச் தோலில் ஒட்டவேண்டும். கண்ணாடிமேல் ஒட்டினால் குழந்தை ஓரமாக எட்டிப் பார்த்துவிடும். சித்திரை வெயிலில் வியர்வையில் கழன்றுவிடுவதும் இங்கே வழக்கம், காலை நேரத்தைச் சொல்லி அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு கண்ணையும் அளக்கவேண்டும்: நல்ல கண்ணை அதிகம் மூடினால் அதுவே பின்தங்கும், வரப்பு மறுபக்கம் நகரும். 6 மணி நேரப் பேட்சைத் திடீரென நிறுத்தாமல் 2 மணி நேரமாகக் குறைத்து நிறுத்துங்கள். 7 வயது தாண்டினால் பயனே இல்லை என்று எழுதுவதும் தவறு. 12 வயதுவரையும் முயன்றால் பலருக்கு ஓரளவு ஏறும்.

அளப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டினால் சோம்பல் கண் நன்றாகப் படித்துவிடும், வரிசையாகக் காட்டினால் திணறும். ஆகவே வரிசையாகவே காட்டுங்கள். படிக்கத் தெரியாத குழந்தைக்கு ஈ சார்ட்டில் (E எழுத்தைப் பல பக்கம் திருப்பி வைத்த அட்டை) அதன் கால்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்டச் சொன்னால் போதும். தளி, அஞ்செட்டி பக்கத்துத் தெலுங்கு, கன்னடக் குழந்தைகளுக்கும் இதுவே தோது.

ஹிஸ்டரியில் 'மாறுகண் இருக்கிறதா' என்று மட்டும் கேட்டால் 'அது அதிர்ஷ்டக் கண் சார், எங்க மாமியாருக்கும் அப்படித்தான்' என்று பதில் வரும். அந்த நம்பிக்கையை முகத்துக்கு நேரே மறுக்காமல், 'எந்த மாசத்துலருந்தும்மா தெரியுது, எப்பவும் ஒரே கண்ணா, மாறி மாறியா?' என்று கேளுங்கள். எப்போதும் ஒரே கண் என்றால் அந்தக் கண்தான் தோற்றுக்கொண்டிருக்கிறது. மாறி மாறி என்றால் இரண்டிலும் கூர்மை தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். குறைகிற கண்ணைக் கையால் மறைத்தால் சும்மா இருக்கும் குழந்தை, நல்ல கண்ணை மறைத்தால் கையைத் தட்டிவிடும். பேசத் தெரியாத குழந்தையிடம் பார்வையை அளக்க இதுவே முதல் வழி. எக்ஸாமினர் முன்னால் கேஸ் எடுக்கும்போது இதைச் செய்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்கவேண்டும்.