பழகிடுச்சு என்றவர்களைச் சோதித்த கதை: என் எம்.எஸ்ஸி. புராஜெக்ட்

எம்.எஸ்ஸி. சைக்காலஜி இரண்டாம் ஆண்டில் புராஜெக்ட் தலைப்பு கேட்டபோது எங்கள் வகுப்பில் பலரும் மன அழுத்தம், மொபைல் பழக்கம் என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு ஹாஸ்டலில் தினமும் காதில் விழும் ஒரு பேச்சுதான் மனதில் இருந்தது. இரவு இரண்டு மணி வரை விழித்திருக்கும் பிள்ளைகள் எல்லாரும், "அஞ்சு மணி நேரம் தூங்கினா போதும்க்கா, பழகிடுச்சு" என்பார்கள். உண்மையிலேயே பழகுமா?

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கன், டேவிட் டிங்கஸ் குழுவினர் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதே கேள்வியைத் தொட்டது. 14 நாட்கள் இரவுக்கு 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கவிட்டார்கள். கவனத் தவறுகள் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயின. ஆனால் 'எனக்கு எவ்வளவு தூக்கம் வருகிறது' என்ற அவர்களின் சொந்தக் கணிப்பு சில நாட்களிலேயே, அதற்கு மேல் ஏறாமல் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. கவனம் குறைந்ததை அவர்களே உணரவில்லை. இதை எங்கள் ஹாஸ்டலில் சிறிய அளவில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

முதலில் இரண்டு குழு வைக்க நினைத்தேன்: குறைவாகத் தூங்குபவர்கள், நன்றாகத் தூங்குபவர்கள். ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் கணக்குப் போட்டால், நடுத்தர அளவு வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேர், ஆக 128 பேர் வேண்டும் என்றது. ஒரே ஆளை, குறைவாகத் தூங்கிய ஒரு நாள், நன்றாகத் தூங்கிய ஒரு நாள் என இரண்டு காலைகளில் சோதித்து, அவரோடு அவரையே ஒப்பிட்டால் 34 பேர் போதும். ஆய்வு வடிவத்தை மாற்றியதும் தலைப்பாரமே இறங்கியது. புராஜெக்ட் செய்பவர்கள் இந்தக் கணக்கைத் தலைப்பு முடிவாகும் முன்பே போட்டுவிட வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து.

ஆய்வில் பங்கேற்பவர்களின் நலனைக் கவனிக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கு, 2017-ஆம் ஆண்டு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டு நெறிகளைப் படித்துவிட்டுத்தான் போனேன். யாரையும் விழித்திருக்கச் சொல்ல மாட்டோம், தானாகக் குறைவாகத் தூங்கிய நாளில்தான் அழைப்போம் என்று எழுதியிருந்தேன். அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஓர் உறுப்பினர் கேட்ட கேள்வி நான் எதிர்பாராதது: "இவங்க எல்லாம் உன் ஜூனியர்ஸ். நீ கூப்பிட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமா?" நியாயமான கேள்வி. அதனால் நான் நேரில் யாரையும் கேட்காமல், நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டி, விருப்பமுள்ளவர்கள் தாங்களாக வரும்படி மாற்றினோம். 18 வயது முடியாதவர்களைச் சேர்க்கவில்லை. தமிழில் எழுதிய ஒப்புதல் படிவத்தில் 'காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்ற வரி தடித்த எழுத்தில் இருந்தது. தூக்கமின்மையோடு மனக்கஷ்டமும் இருப்பவர்களுக்காக டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐயும் அச்சிட்டோம். நடுவில் விலகியவர்களிடம் ஏன் என்று கேட்கவே இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் 34-க்கு மேல் சிலரை எடுத்திருந்தோம்.

சோதனை எளியது. இருண்ட திரையில் ஒரு பெட்டி. 2 முதல் 10 வினாடிக்குள் எப்போது வேண்டுமானாலும் அதில் மில்லி வினாடி எண் ஓடத் தொடங்கும். கண்டவுடன் ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும். இப்படியே பத்து நிமிடம். 500 மில்லி வினாடி தாண்டினால் அது கவனத் தவறு. சைக்கோபை என்ற இலவச மென்பொருளில் நானே எழுதினேன். கீபோர்டுக்கென்று ஒரு சிறு தாமதம் இருக்கும். அதனால் எல்லாருக்கும் ஒரே லேப்டாப், இரண்டு காலையிலும் அதே நேரம். டீ குடிக்காமல் வர வேண்டும் என்ற நிபந்தனைக்குத்தான் முகம் சுளித்தார்கள்.

ஒரு காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. பி.காம். படிக்கும் பெண், நாலரை மணி நேரம் தூங்கியதாகத் தூக்க நேரம் குறிக்கும் டைரியில் எழுதியிருந்தாள். தூக்கக் கலக்கத்தை 1 முதல் 9 வரை மதிப்பிடும் கரோலின்ஸ்கா அளவையில் 4 என்று குறித்தாள். அதாவது ஓரளவு தெளிவாக இருக்கிறேன் என்று அர்த்தம். ஆறாவது நிமிடம் இருக்கும். எண் ஓடத் தொடங்கியது. 500 தாண்டியது, 1000 தாண்டியது. கண் திறந்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், விரல் அசையவில்லை. முடிந்ததும் கேட்டேன். "இல்லக்கா, ஒண்ணையும் விடலையே" என்றாள்.

முடிவைப் பார்த்துவிட்டுக் கணக்கை மாற்றக் கூடாது என்பதற்காக, டேட்டா கோப்பைத் திறக்கும் முன்பே, எதை ஒப்பிடுவோம், எதை நீக்குவோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி கைடு மேடமிடம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினேன். 100 மில்லி வினாடிக்குள் தட்டியதெல்லாம் அவசரத் தட்டல், அது கணக்கில் வராது என்பது வரை அதில் இருந்தது. 2015-இல் உளவியல் ஆய்வுகள் 100-ஐத் திரும்பச் செய்து பார்த்தபோது, மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் முக்கியத்துவம் (தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத முடிவு) காட்டியிருக்க, மறுபடி செய்ததில் 36 சதவீதமே அப்படி வந்தன என்பதை மேடம்தான் வகுப்பில் விளக்கியிருந்தார்.

குறைவாகத் தூங்கிய காலையில் கவனத் தவறுகள் தெளிவாகக் கூடின. ஆனால் நான் ஆசைப்பட்ட இரண்டாவது கேள்வி, தவறுக்கும் சொந்தக் கணிப்புக்கும் உள்ள தொடர்பு, எப்பக்கமும் சொல்ல முடியாதபடி மங்கலாக வந்தது. "தேர்ட் இயர் பிள்ளைங்களை மட்டும் தனியா போட்டுப் பாரேன்" என்று தோழிகள் அன்போடுதான் சொன்னார்கள். கையெழுத்திட்ட பக்கத்தில் அது இல்லை, அதனால் செய்யவில்லை. மேடமிடம் போனேன். "தெளிவா வரலைன்னு எழுதும்மா. எத்தனை பேர் இருந்தா தெரிஞ்சிருக்கும்னும் சேர்த்து எழுது" என்றார். 0.3 அளவுத் தொடர்பை (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) பிடிக்க 80-க்கும் மேற்பட்டவர்கள் தேவை. எழுதினேன்.

வைவாவில் வெளித் தேர்வாளர் நேராக ஆய்வு வடிவத்தின் பலவீனத்துக்குத்தான் வந்தார். யாருக்கு எந்தக் காலை முதலில் என்பது உங்கள் கையில் இல்லையே, இரண்டாம் முறை பழக்கத்தால் வேகம் கூடியிருக்காதா என்றார். இந்தச் சோதனையில் பழக்கத்தால் வரும் முன்னேற்றம் மிகக் குறைவு, அதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தோம் என்றேன். இருந்தாலும் வரம்புகள் பகுதியில் அதைச் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன்.

பெயரையும் குறியீட்டு எண்ணையும் இணைக்கும் பட்டியலைக் கமிட்டிக்குச் சொன்னபடி அழித்தாயிற்று. இரண்டாவது கேள்வியை இந்த ஆண்டு ஒரு ஜூனியர் எடுத்திருக்கிறாள், பக்கத்து ஹாஸ்டலையும் சேர்த்து. புரோகிராமும் டைரிப் படிவமும் அவளிடம் கொடுத்துவிட்டேன். கமிட்டி விண்ணப்பத்தைக் கல்லூரி திறந்த வாரமே அவள் போட்டுவிட்டாள்.