அட்மிரல் உட்கார்ந்திருந்த ஷாட்

"அப்ப அவங்களேதான் நிரூபிச்சுக்கணும், இல்லக்கா?"

டெலிவரிக்கு முந்தைய வாரம் எங்கள் டீமின் ஜூனியர் அனிமேட்டர் என்னிடம் கேட்டது இது. கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் அடுத்த ஷாட்டைத் திறந்துகொண்டாள். அந்த வேலை முடிந்து, பணமும் வந்து, கேமும் வெளியாகிவிட்டது. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி முடியவில்லை.

ஷாட்டில் இருப்பவர் ஒரு விண்கலப் படையின் அட்மிரல். ஐம்பதைத் தாண்டிய பெண். போரில் பாதிக் கலங்களை இழந்த பிறகு, மிச்சத்தைப் பின்வாங்கச் சொல்கிறார். கதை, வசனம், குரல் எல்லாம் வெளிநாட்டில் முடிந்து வந்தவை. எங்களிடம் வந்தது உடம்பை அசைக்கும் வேலை மட்டும். முக்கிய போஸ்களை மட்டும் வைத்த முதல் பிளாக்கிங்கை அனுப்பியதும் க்ளையன்ட்டிடமிருந்து குறிப்பு வந்தது: இவர்தான் தலைமை என்ற எண்ணம் இன்னும் வரவில்லை, கம்பீரம் போதாது.

எனக்கு உடனே வழி தெரிந்தது. அதே கேமின் முந்தைய அத்தியாயத்தில் ஒரு ஜெனரல் வருவார், ஆண். காலை அகட்டி, கைகளைப் பின்னால் கட்டி, முகவாயைக் கொஞ்சம் தூக்கி நிற்பார். அந்த அசைவுகளின் செட் எங்களிடமே இருந்தது. அதை அட்மிரலின் ரிக்குக்கு, அதாவது அவரை அசைக்கும் டிஜிட்டல் எலும்புக்கூட்டுக்கு, மாற்றிப் பொருத்தச் சொன்னேன், ரீடார்கெட் என்போம்.

நேரம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அதில் எனக்கு உண்மையான நம்பிக்கை இருந்தது, இன்றும் இருக்கிறது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த காரணங்களில் ஒன்று மாஸ் எஃபெக்ட். 2007இல் வந்த அந்த கேமில் கமாண்டர் ஷெப்பர்டை ஆணாகவும் விளையாடலாம், பெண்ணாகவும் விளையாடலாம். ஆணுக்கு மார்க் மீர் குரல், பெண்ணுக்கு ஜெனிஃபர் ஹேல். வசனம் கிட்டத்தட்ட ஒன்றேதான். பெண் என்பதற்காக யாரும் இளக்கி எழுதாத உத்தரவுகளை ஹேல் அப்படியே பேசுவதைக் கேட்டபோது, ஒரு பெண் இப்படியும் பேசலாம் என்று எனக்கு அனுமதி கிடைத்த மாதிரி இருந்தது. நடையும் நிற்கும் விதமும் பெரும்பாலும் ஆண் ஷெப்பர்டுக்குச் செய்தவைதான். அதனால் கவுன் போட்டாலும் அவர் காலை அகட்டித்தான் உட்காருவார். பலர் அதைக் கேலி செய்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அட, மாற்றாமல் விட்டார்களே என்றுதான் தோன்றியது.

விளம்பரங்களில் பெண் ஷெப்பர்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மூன்றாம் பாகம் 2012இல் வந்தபோதுதான் அவருக்கென்று தனி டிரெய்லர் கிடைத்தது. அப்போதும் பெட்டியின் அட்டையில் முன்பக்கம் ஆண்தான். தாளை உருவித் திருப்பிப் போட்டால்தான் அவர் முன்னுக்கு வருவார். பெண் ஷெப்பர்டாக விளையாடியவர்கள் 18 சதவீதம் என்று கேமைத் தயாரித்த பயோவேர் 2011இல் சொன்னது. 2021இல் மூன்று பாகங்களையும் புதுப்பித்து விட்ட லெஜண்டரி எடிஷனுக்குப் பிறகு வெளியிட்ட கணக்கில் அது 32 ஆகியிருந்தது. இந்த எண்களை டீம் மீட்டிங்கில் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரே உடல்மொழி, ஒரே வசனம், ஒரே பதவி. சமத்துவம் என்றால் அதுதான் என்று வாதாடியிருக்கிறேன்.

சரி, ரீடார்கெட்டுக்கு வருகிறேன். ஜெனரலின் தோள் அகலம் அட்மிரலுக்குக் கிடையாது. அவருடைய போஸை இவர் மேல் ஏற்றியதும் முழங்கைகள் உடம்பை விட்டு விலகி நின்றன. பின்னால் கட்டிய கைகள் ஒன்றையொன்று தொடவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே இடைவெளி, கோட்டின் துணி அதற்குள் புகுந்து வெளியே வந்தது. எடையை மாற்றும்போது பாதம் தரையில் வழுக்கியது. இதெல்லாம் வழக்கமான சிக்கல்கள்தான். கையைக் கையோடு பிணைக்கலாம், பாதத்தைப் பூட்டலாம், தோளைக் கீழே இழுக்கலாம். ஜூனியரிடம் கொடுத்தேன்.

அவள் அதைச் செய்தாள். செய்துவிட்டு, கேட்காமலே இன்னொன்றும் செய்துகொண்டு வந்தாள். "அக்கா, ஒரு பிளேபிளாஸ்ட் இருக்கு, சும்மா பாருங்க."

அந்த முன்னோட்ட வீடியோவில் அட்மிரல் உட்கார்ந்திருந்தார். ஒரு கை வரைபட மேசை மேல். பேசும்போது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கிட்டத்தட்ட அசைவே இல்லை. அவள் அனிமேட் செய்திருந்தது பின்னால் இருந்தவர்களை. கலத்தை ஓட்டுபவன் பாதி திரும்பி அப்படியே நிற்கிறான். பக்கத்து அதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தவர் வாயை மூடிக்கொள்கிறார். மூன்றாமவர் பட்டனுக்குக் கொண்டுபோன கையை எடுத்துவிடுகிறார். உத்தரவு முடிந்ததும் மூவரும் ஒரே நேரத்தில் அல்ல, ஒருவர் பின் ஒருவராக அசைகிறார்கள். அவ்வளவுதான்.

நன்றாக இருந்தது. அதைச் சொல்லவும் செய்தேன். அப்புறம், "நமக்குக் காசு கொடுத்திருக்கிறது அட்மிரலுக்கு மட்டும்தான்மா" என்றேன். அது உண்மை. ஒப்பந்தத்தில் அந்த ஷாட்டுக்கு ஒரு கதாபாத்திரம். பின்னால் நிற்பவர்களுக்குச் சும்மா மூச்சு விடும் ஐடில் போதும். மூன்று பேருக்குப் பாலிஷ் செய்ய நேரமும் இல்லை, அதற்குப் பில் போடவும் வழியில்லை. அப்போதுதான் அவள் அதைக் கேட்டாள்.

ஜெனரலின் போஸையேதான் அனுப்பினோம். க்ளையன்ட் ஒரே சுற்றில் ஒப்புக்கொண்டார். கேம் வெளியான பிறகு விளையாடியவர்கள் அந்த அட்மிரலைக் கொண்டாடினார்கள், அவர் நிற்கிற தோரணையைக் குறிப்பாகச் சொல்லி. ஆக, என் முடிவு சரி. இன்று அதே கெடுவும் அதே பட்ஜெட்டும் வந்தால் அதையேதான் செய்வேன். ஆனாலும் அவள் கேட்டது முடிவைப் பற்றி இல்லையே.

அவளுடைய அம்மா ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். நம் பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகளுக்கான அகாடமியான ஓடிஏவில் பயிற்சி முடித்து, குறுகிய காலப் பணியான ஷார்ட் சர்வீஸில் சேர்ந்து, நிரந்தரமாகத் தொடர வழியில்லாமல் வெளியே வந்தவர். பெண்களை 1992இலேயே அதிகாரிகளாக எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் நிரந்தரப் பணியும் அதோடு கட்டளைப் பதவிகளும் பெரும்பாலான பிரிவுகளில் அவர்களுக்குக் கிடைக்க 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. அந்த வழக்கில் மத்திய அரசு வைத்த வாதங்களில் ஒன்றை இன்றும் என்னால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை. படைவீரர்களில் பெரும்பாலோர் கிராமப் பின்னணியிலிருந்து வரும் ஆண்கள். பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்கும் மனப்பக்குவம் அவர்களுக்கு இன்னும் வரவில்லை என்றது அரசு. நீதிபதிகள் சந்திரசூட்டும் அஜய் ரஸ்தோகியும் அதை ஏற்கவில்லை.

அந்த வாதத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெண்ணுக்குத் தகுதி இல்லை என்று அது சொல்லவில்லை. எதிரே நிற்பவர்கள் கேட்க மாட்டார்கள் என்கிறது. அப்படியானால் சிக்கல் எதிரே நிற்பவர்களிடம். விலை கொடுப்பது மட்டும் அவள். ஜூனியர் அதை எனக்கு விளக்கிச் சொல்லவே இல்லை. எதிரே நிற்பவர்களை அனிமேட் செய்து காட்டிவிட்டாள், அவ்வளவுதான். நான் பார்த்துவிட்டு, அதற்குக் காசு இல்லை என்றேன்.

அதற்குப் பிறகு பழைய கேம்களை எடுத்து, தலைவியை விட்டுவிட்டுச் சுற்றி இருப்பவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். 1998இல் வந்த ஸ்டார்கிராஃப்டில் சாரா கெரிகன் மனிதராக இருக்கும்வரை கிளர்ச்சித் தலைவன் மெங்ஸ்கின் லெஃப்டினன்ட். டார்சோனிஸ் கிரகத்தில் அவன் செய்வது தவறு என்று சொல்கிறாள், எடுபடவில்லை. கடைசியில் அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறான். ஸெர்க் என்ற வேற்றுலக உயிரினக் கூட்டம் அவளை உருமாற்றிய பிறகுதான் அவளுக்குப் படை கிடைக்கிறது. மறுத்துப் பேசவே தெரியாத உயிரினங்களின் படை. சிறுவயதில் அவளுடைய எழுச்சி என்று நினைத்து ரசித்த கதை இது. இப்போது பார்த்தால், ஒரு பெண் சொன்னதை மனிதர்கள் கேட்பதாக எழுத அந்தக் கதாசிரியர்களுக்கே வழி தோன்றவில்லையோ என்று படுகிறது. 2010இல் வந்த மெட்ராய்டு அதர் எம்மில் நாயகி சேமஸ், வெப்பத்தில் உயிர் கரையும்போதும் தன் கவசத்தின் பாதுகாப்பைத் தானே இயக்க மாட்டாள். மேலதிகாரி ஆடம் அனுமதி தரும்வரை ஓடிக்கொண்டே இருப்பாள். ஹேலோ 3இல் கமாண்டர் மிராண்டா கீஸ் எதிரியின் கோட்டைக்குள் விமானத்தோடு தனியாகப் பாய்கிறார், முதுகில் சுடப்பட்டுச் சாகிறார். அந்தத் 'தனியாக' எனக்கு முன்பு உறுத்தியதே இல்லை. அவ்வளவு பெரிய படையின் கமாண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஆள்கூட இல்லை.

எனக்குச் சாதகமான சாட்சி ஹோம்வேர்ல்ட், 1999. தாய்க்கலத்தோடு தன் உடலையே இணைத்துக்கொண்ட விஞ்ஞானி காரன் ஸ்ஜெட்தான் அதில் ஃப்ளீட் கமாண்ட், அதாவது கலப்படையின் தலைமை. விளையாட்டு முழுக்க அவர் நமக்குக் குரல்தான். நிற்கவும் இல்லை, நடக்கவும் இல்லை, தோரணை என்று ஒன்றும் இல்லை. அவர்கள் வாழ்ந்த கிரகம் எரிந்துகொண்டிருக்கிற செய்தியைக்கூடக் குரல் உயர்த்தாமல்தான் சொல்வார். யாரும் அவரைத் தலைமை இல்லை என்று நினைத்ததில்லை. பார்த்தாயா, உடம்பே தேவையில்லை என்று ஜூனியரிடம் சொல்லலாம் என்று குறித்து வைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, இது அவள் பக்கத்துச் சாட்சி. அங்கே அதிகாரத்தைக் காட்டுவது அவர் சொன்னதும் திரும்புகிற கலங்கள்தான். இதிலும் ஒன்று: அடுத்து எதைத் தாக்கலாம், எதைக் காக்கலாம் என்று திட்டம் சொல்வது படையின் உளவுப் பிரிவான ஃப்ளீட் இன்டெலிஜென்ஸ். அது ஆண் குரல்.

இவ்வளவும் யோசித்த பிறகு என்னைப் பற்றியும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. நான் டீம் லீட் ஆன புதிதில், க்ளையன்ட்டோடு பேசும் அழைப்புகளில் சிரிப்பதை நிறுத்தினேன். வாக்கியத்தை 'நினைக்கிறேன்' என்று முடிக்கிற பழக்கத்தை விட்டேன். எனக்கு முன்னால் லீடாக இருந்தவர் பேசுகிற மாதிரியே, இடைவெளி விட்டு, குரலைத் தாழ்த்திப் பேசக் கற்றுக்கொண்டேன். வேலை செய்தது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த அழைப்புகளில் இருந்த மற்றவர்கள் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை என்பதை அதுவரை நான் ஒரு விஷயமாகவே எண்ணியதில்லை. அவள் 'அவங்களேதான்' என்றது அட்மிரலைத்தானா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவள் இப்போது வேறு ஸ்டூடியோவில் இருக்கிறாள். சில மாதங்களுக்கு முன்னால் போனில் பேசியபோது இதை எடுத்தேன். உன் ஷாட்தான் சரியோ என்று இன்னும் யோசிக்கிறேன் என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இரண்டு வெர்ஷனையும் அம்மாவிடம் போட்டுக் காட்டியதாகச் சொன்னாள்.

"அம்மாவுக்கு உங்களோடதுதான் பிடிச்சிருக்குக்கா. 'நான் எங்கடி உக்காந்தேன்? நீ பாத்தது வீட்ல. யூனிட்ல நான் உக்காந்தா மேடம் டயர்டானு கேப்பாங்க. நின்னுட்டேதான் இருந்தேன்'னு சொன்னாங்க."

நான் ஆறுதலடைந்திருக்க வேண்டும். அனுபவித்தவரே என் பக்கம். ஆனால் அவர் சொன்னதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், நின்றது பிடித்து நின்றதாக இல்லை. உட்கார விடாததால் நின்றது. அந்த அம்மா பார்க்க விரும்புவது தான் நின்ற விதத்தை, மகள் காட்ட விரும்பியது அம்மாவுக்குக் கிடைக்காத அறையை. இதில் எது உண்மைக்குப் பக்கம் என்று கேட்டால், அம்மாவின் பதில்தான். கேம் எதைக் காட்ட வேண்டும் என்று கேட்டால், இருநூறு வருடம் கழித்து நடக்கிற கதையிலும் ஒரு பெண் டயர்டா என்று கேட்பார்களோ என்று பயந்துகொண்டு நிற்க வேண்டுமா? மகள் பக்கம் சாய்கிறேன். மறுநாள் காலையில் மறுபடி அம்மா பக்கம்.

இப்போது புது ப்ராஜெக்ட் பேசும்போது, கட்டளை கொடுக்கிற ஷாட்டுகளில் பின்னால் நிற்கும் ஒருவருக்காவது எதிர்வினை அனிமேஷன் வேண்டும் என்று எஸ்டிமேட்டிலேயே எழுதுகிறேன். தலைவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை, எல்லாருக்கும்தான். போன முறை க்ளையன்ட் அந்த வரியை வெட்டிவிட்டார். இந்த முறை வெட்டவில்லை. ஆனால் இந்த கேமின் தளபதி ஆண்.